கே.பி. சுந்தராம்பாள்: படங்கள் குறைவு, பெயர் ஏன் இவ்வளவு பெரிது?

கே.பி. சுந்தராம்பாள் நடித்த படங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவற்றிலும் பெரும்பாலும் ஔவையாராகவோ வேறொரு மூதாட்டியாகவோ வந்து, நின்ற இடத்தில் நின்று பாடிவிட்டுப் போகிறார். அப்படியிருக்க இந்தப் பெயரும் மரியாதையும் எப்படி வந்தன, அவரை நடிகை என்பதா பாடகி என்பதா என்ற கேள்வி அடிக்கடி வருகிறது.

சினிமாவிலிருந்து பின்னோக்கிப் பார்ப்பதால் வரும் குழப்பம் இது. 1935இல் முதல் படத்தில் நடிக்க வந்தபோதே அவர் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் பெயர் போன நாடக நட்சத்திரம். அவருடைய தொழில் வாழ்க்கையின் நடுத்தண்டு, நடிகர்களைத் தனித்தனியாக வரவழைத்து ஒத்திகை இல்லாமல் நடத்தும் ஸ்பெஷல் நாடக மேடை. படங்கள் எல்லாம் அந்த மேடைத் தொழிலை எங்கே, எப்படிப் பொருத்துவது என்று தமிழ் சினிமா நாற்பது வருடம் செய்து பார்த்த முயற்சிகள். சில பொருந்தின, சில பொருந்தவில்லை. அவர் நின்று பாடுவதற்கும், கிழவி வேடங்களே அதிகம் வந்ததற்கும் காரணம் இந்த இடத்தில்தான் இருக்கிறது. ஆகவே நாடகத்திலிருந்தே தொடங்க வேண்டும்.

1908இல் காவிரிக்கரைக் கொடுமுடியில் பிறந்தவர். பெயரில் உள்ள ‘கே’ கொடுமுடி, ‘பி’ தாயார் பாலாம்பாள். வறுமையான குடும்பம். ரயிலில் பாடிக்கொண்டிருந்த சிறுமியின் குரலை எஃப்.ஜி. நடேசய்யர் கேட்டு நாடகத்துக்குக் கொண்டுவந்தார் என்பது பரவலாகச் சொல்லப்படும் செய்தி. நடேசய்யர் திருச்சியில் ரயில்வே அதிகாரி, ரசிக ரஞ்சன சபாவை நடத்தியவர், எம்.கே. தியாகராஜ பாகவதரையும் மேடைக்குக் கொண்டுவந்தவர். பிறகு வேலு நாயர் கம்பெனி. நல்லதங்காள் நாடகத்தில் பசியால் வாடும் மூத்த பிள்ளையாக வந்து பாடியதுதான் அவருடைய ஆரம்ப வேடங்களில் பேசப்பட்டது. அதுவே ஆண் வேடம் என்பதைக் கவனிக்க வேண்டும். சிறு வயதிலேயே பாலபார்ட் (சிறுவன் வேடம்) கட்டிப் பழகியவருக்குப் பின்னாளில் நந்தனாராக நிற்பது புதிய காரியமே இல்லை.

அந்தக் காலத்து நாடகம் இரண்டு விதம். ஒன்று கம்பெனி நாடகம்: ஒரு முதலாளி, ஓர் ஆசிரியர், ஒத்திகை, சீன் சாமான்கள், மாதக்கணக்கில் ஒரே ஊரில் கொட்டகை. பாலர் நாடகக் கம்பெனிகள் இந்த வகை. இன்னொன்று ஸ்பெஷல் நாடகம். இதில் ராஜபார்ட் (கதாநாயகன்), ஸ்திரீபார்ட் (கதாநாயகி), பபூன், டான்ஸ், ஹார்மோனியம், மிருதங்கம் என்று ஒவ்வொருவரையும் தனித்தனியாகத் தேதி பேசி வரவழைப்பார்கள். ஒருவர் மதுரையிலிருந்து வருவார், ஒருவர் காரைக்குடியிலிருந்து வருவார். ஒத்திகை கிடையாது. சில சமயம் ராஜபார்ட்டும் ஸ்திரீபார்ட்டும் ஒப்பனை போட்ட பிறகுதான் முதல்முறையாக முகம் பார்த்துக்கொள்வார்கள். இரவு பத்து மணி வாக்கில் ஆரம்பித்தால் விடியும்போதுதான் முடியும்.

ஒத்திகை இல்லாமல் இது எப்படி நடக்கும்? எல்லோருக்கும் பொதுவான பாடம் ஒன்று இருந்ததால் நடக்கும். அந்தப் பாடத்தைச் செய்து வைத்துவிட்டுப் போனவர் சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922). வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன், சத்தியவான் சாவித்திரி, நல்லதங்காள் என்று அவர் எழுதியவற்றின் பாட்டும் விருத்தமும் (தாளமில்லாமல் ராகத்தில் பாடும் செய்யுள்) வசனமும் நடிகர்கள் எல்லோருக்கும் மனப்பாடம். எந்த இடத்தில் யார் நுழைய வேண்டும், எந்தப் பாட்டுக்கு எது பதில் என்பது தெரியும். அதற்கு நடுவில் உள்ள இடைவெளியை அவரவர் திறமையால் நிரப்ப வேண்டும். வள்ளி திருமணத்தில் தினைப்புனம் காக்கும் வள்ளிக்கும் நாரதருக்கும், பிறகு வள்ளிக்கும் வேடனாக வரும் முருகனுக்கும் நடக்கும் தர்க்கம்தான் இதன் உச்சம். ஒருவர் விருத்தத்தில் கேள்வி வைப்பார். மற்றவர் அதே ராகத்தில், முடிந்தால் அதைவிட ஒரு படி மேலே போய்ப் பதில் சொல்ல வேண்டும். தடுமாறினால் கூட்டம் விடாது.

இந்த இடத்தில் நடிப்பு என்பது என்ன? முகபாவம் முதல் சில வரிசைகளுக்குத்தான் தெரியும். பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் கண்ணசைவு எடுபடாது. ஒலிபெருக்கி இல்லாத நாட்களில் ஆயிரக்கணக்கானவர் உட்கார்ந்திருக்கும் கொட்டகையின் கடைசிவரைக்கும் போய்ச் சேரக்கூடியது குரல் ஒன்றுதான். கோபம், ஏளனம், கெஞ்சல் எல்லாவற்றையும் குரலே காட்டியாக வேண்டும். அதனால் ஒரு தனி உச்சரிப்பு முறை வளர்ந்தது. உயிரெழுத்து தூரம் போகும். மெய்யெழுத்து பாதி வழியிலேயே மழுங்கிவிடும். எனவே வல்லின மெய்களை அழுத்திச் சொல்வது, சொல்லுக்குச் சொல் துளி இடைவெளி விடுவது, வரியின் கடைசிச் சொல்லை விழவிடாமல் தூக்கிப் பிடிப்பது என்று பழகினார்கள். சுந்தராம்பாள் பாட்டில் ‘ழ’வும் ‘ற’வும் அவ்வளவு துலக்கமாகக் கேட்பதற்குத் தமிழ்ப்பற்று ஒரு காரணமாக இருக்கலாம்; முதல் காரணம் தொழில். கடைசி வரிசையில் இருப்பவனுக்குப் புரியாவிட்டால் அடுத்த தேதி கிடைக்காது.

குரலைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் சொல்வது கட்டைக் கணக்கு. “ஐந்து கட்டையில் பாடினார்” என்று சொல்லி நிறுத்திவிடுவார்கள். அது மட்டும் பெரிய விஷயமில்லை. ஹார்மோனியத்தின் வெள்ளைக் கட்டைகளை வரிசையாக எண்ணினால் முதல் கட்டை முதல் ஏழு கட்டை வரை வரும். கறுப்புக் கட்டைகள் ஒன்றரை, இரண்டரை, நாலரை, ஐந்தரை, ஆறரை. ஆண் பாடகர்கள் ஒன்று, ஒன்றரையில் சுருதி வைப்பதும் பெண் பாடகிகள் நாலரை, ஐந்து, ஐந்தரையில் வைப்பதும் சாதாரணம். அந்தச் சுருதியை வைத்துக்கொண்டு தார ஸ்தாயியில் (மேல் ஸ்தாயியில்) எவ்வளவு மேலே போகிறார், எந்தக் குரலில் போகிறார் என்பதுதான் கேள்வி. மேலே போகப் போகப் பெரும்பாலானவர்கள் குரலை மெல்லியதாக்கி, கள்ளக்குரலுக்கு மாறிவிடுவார்கள். சபாவில் அது அழகாகவே இருக்கும். கொட்டகையில் மூன்றாவது வரிசையோடு கரைந்துபோகும். சுந்தராம்பாள் தொண்டையைத் திறந்து, கீழே பாடும் அதே கனத்தோடு மேலே போய் நிற்பார். போய்த் தொட்டுவிட்டு இறங்குவதில்லை. அங்கேயே நின்று சொல்லை உச்சரிப்பார். அதுதான் அரிது.

இதைப் பின்பற்ற நினைத்துக் குரலைக் கெடுத்துக்கொள்பவர்கள் உண்டு. அவர்கள் எடுத்துக்கொள்வது சத்தத்தை மட்டும். கழுத்தை இறுக்கி உச்சத்தில் கத்தினால் ஓரிரண்டு மணி நேரத்தில் தொண்டை கட்டிக்கொள்ளும். விடிய விடிய நாடகம் நடத்தியவர்களுக்கு அது கட்டுப்படியாகாது. அவர் விருத்தத்தைக் கவனித்தால் தெரியும்: மூச்சைச் சீர் முடியும் இடத்தில் எடுக்கிறார், சொல்லை உடைப்பதில்லை. உச்சத்துக்குப் போகுமுன் நடு ஸ்தாயியில் ராகத்தில் ஒரு சஞ்சாரம் செய்து, அதாவது சற்று உலவி, குரலைத் தயார்செய்துகொள்கிறார். உச்சத்தில் வரும் சொல் பெரும்பாலும் ‘ஆ’காரமாகவோ ‘ஏ’காரமாகவோ இருக்கும்படி வரியைப் பிரித்துக்கொள்கிறார். ‘இ’காரத்தில் அந்த உயரத்தில் வாய் திறக்காது.

இப்படிப்பட்ட குரலுக்கு எதிரே நின்று தர்க்கம் செய்ய ஓர் ஆண் குரல் வேண்டுமே! மேடையில் ஒரே ஹார்மோனியம், ஒரே சுருதி. ஸ்திரீபார்ட்டின் சுருதிக்கு ராஜபார்ட் ஏறி வர வேண்டும். அந்தத் தலைமுறை ஆண் நடிகர்கள் எல்லோரும் ஏன் அவ்வளவு உச்சத்தில் பாடினார்கள் என்பதற்கு ஒலிபெருக்கி இல்லாதது ஒரு காரணம் என்றால், இது இன்னொன்று. அதில் தலையாயவர் செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பா. 1906இல் பிறந்தவர், கன்னையா கம்பெனியில் பெயரெடுத்தவர். இருவரும் இலங்கையில் 1926 வாக்கில் சந்தித்துச் சேர்ந்து நடித்தார்கள். 1927இல் மாயவரத்தில் திருமணம். கிட்டப்பாவின் அண்ணன் காசி ஐயர் ஹார்மோனியம் வாசிக்க, இந்த ஜோடி வள்ளி திருமணம் நடத்திய இரவுகள்தான் தமிழ் இசை நாடகத்தின் உச்சம் என்று அதைக் கேட்ட தலைமுறை சொல்லிக்கொண்டே இருந்தது. இன்று நமக்கு மிஞ்சியிருப்பவை இசைத்தட்டுகள் மட்டுமே. பக்கத்துக்கு மூன்று நிமிடத்தைச் சற்றே தாண்டும் தட்டு அது. மேடையில் கால்மணி நேரம் விரியும் விருத்தத்தை அதில் சுருக்கி அடைத்திருக்கிறார்கள். அந்தச் சுருக்கத்தை வைத்து மேடையை எடை போடக்கூடாது.

குடும்ப வாழ்க்கை சீராக ஓடவில்லை. கிட்டப்பாவுக்கு முன்பே மனைவி இருந்தார். சுந்தராம்பாளுக்குப் பிறந்த குழந்தை தங்கவில்லை. அவர் கணவருக்கு எழுதிய கடிதங்கள் பின்னாளில் அச்சில் வந்தன. அவற்றைப் படித்தால் அந்த உறவின் கசப்பும் ஏக்கமும் தெரியும். இதைத் தெய்வீகக் காதல் என்று மெழுகுவதும், வெறும் துயரக்கதை என்று ஒதுக்குவதும் எனக்கு ஒப்புக்கொள்ள முடியாதவை. இரண்டு பெரிய கலைஞர்கள், ஒரே தொழில், ஒரே மேடை, போட்டியும் பாசமும் கலந்த உறவு. 1933 டிசம்பர் 2ஆம் தேதி கிட்டப்பா இறந்தார். அவருக்கு வயது இருபத்தேழு. சுந்தராம்பாளுக்கு இருபத்தைந்து.

அதன்பின் அவர் எடுத்த முடிவு அவருடைய சினிமா வாழ்க்கை முழுவதையும் தீர்மானித்தது. நகைகளைக் கழற்றினார், வெள்ளைப் புடவைக்கு மாறினார், எந்த ஆணுக்கும் ஜோடியாக இனி நடிப்பதில்லை என்று உறுதி எடுத்தார். இதைப் பக்தியாகவோ பிடிவாதமாகவோ பார்ப்பதை விட்டுவிட்டுத் தொழில் கணக்காகப் பாருங்கள். ஸ்திரீபார்ட்டாகப் பெயர் பெற்றவர் வள்ளியாகவும் பவளக்கொடியாகவும் இனி வர முடியாது. சினிமாவிலோ கதாநாயகி என்றாலே காதல்தான். எஞ்சுவது மூன்று வகை வேடம்: ஆண் அடியார், துறவி, மூதாட்டி. 1935 முதல் கடைசிவரை அவருடைய முக்கிய வேடங்கள் இந்த மூன்றுக்குள்ளேயே நிற்கின்றன.

மேடையை விட்டு ஒதுங்கியிருந்தவரைத் திரும்பப் பொதுவெளிக்கு இழுத்ததில் எஸ். சத்தியமூர்த்திக்குப் பெரிய பங்கு உண்டு. காங்கிரஸ் தலைவர்களில் நாடகக்காரர்களை மதித்தவர் அவர். அரசியல்வாதிக்கு நாடகக்காரர் ஏன் தேவைப்பட்டார் என்பதற்கு நடைமுறைக் காரணம் இருக்கிறது. கூட்டம் சேர்க்க வேண்டும், சேர்ந்த கூட்டத்தை அமைதிப்படுத்த வேண்டும், எழுதப்படிக்கத் தெரியாதவர்களிடம் விஷயத்தைக் கொண்டுசேர்க்க வேண்டும். பாட்டு இந்த மூன்றையும் செய்யும். தவிர, 1876ஆம் ஆண்டு நாடகச் சட்டத்தை வைத்து அரசாங்கம் நாடகங்களைத் தடைசெய்ய முடிந்தபோது, ஸ்பெஷல் நாடகம் அதற்குப் பிடிகொடுக்காத வடிவமாக இருந்தது. புராணக் கதைக்கு நடுவில் கதர்ப் பாட்டு ஒன்றைப் பாடிவிட்டுப் போனால், அது எந்தப் பிரதியிலும் எழுதப்பட்டிருக்காது. நாடக நடிகர் விஸ்வநாததாஸ் முருகன் வேடத்தில் வந்து, வெள்ளைக்காரரை வெள்ளைக் கொக்கு என்று கேலி செய்து பாடியது இந்த வழியில்தான். சுந்தராம்பாள் மேடையிலும் இசைத்தட்டிலும் காந்தியைப் பாடினார். 1937 தேர்தலில் காங்கிரசுக்காக ஊர் ஊராகப் போய்ப் பாடினார். 1951இல் சென்னை மாகாணச் சட்டமன்ற மேலவை உறுப்பினரானார். இந்தியாவிலேயே சட்டமன்றத்துக்குள் போன முதல் திரைக்கலைஞர் அவர்தான் என்பார்கள். அண்ணா, கருணாநிதி, எம்.ஜி.ஆர். என்று வந்த வரிசையைப் பேசுபவர்கள் பெரும்பாலும் இதை மறந்துவிடுகிறார்கள்.

இனி படங்கள். முதல் படம் 1935இல் வந்த பக்த நந்தனார். தயாரிப்பாளர் ஹசன்தாஸ், இயக்குநர் மாணிக் லால் டாண்டன். படத்தில் நடிக்க விருப்பமில்லாமல், கேட்டால் ஓடிவிடுவார்கள் என்று ஒரு லட்சம் ரூபாய் சம்பளம் கேட்டார் என்றும் அவர்கள் அதற்குச் சம்மதித்துவிட்டார்கள் என்றும் சொல்வார்கள். ஒரு லட்சம் வாங்கினார் என்பது அந்நாளில் நாடெங்கும் பேச்சு. சினிமாவுக்கு வந்த முதல் நாளிலேயே அந்தத் தொகையைக் கேட்கும் நிலையில் அவர் இருந்தார் என்பதே மேடையில் அவருடைய மதிப்பைச் சொல்கிறது. நந்தனார் அவர், நந்தனாரின் எஜமானரான வேதியர் மகாராஜபுரம் விஸ்வநாத ஐயர். இரண்டு பெரும் பாடகர்களை எதிரெதிரே நிறுத்திய படம். ஆனால் எதிர்பார்த்த வெற்றி கிடைக்கவில்லை. விகடனில் கல்கி கடுமையாகக் கிண்டல் செய்தார்.

என்ன தவறு நடந்தது? 1935இல் பின்னணிப் பாடல் முறை தமிழுக்கு வரவில்லை. படப்பிடிப்பில் நடிகர் பாடும்போதே ஒலிப்பதிவு. பக்கவாத்தியக்காரர்கள் கேமராவில் படாத இடத்தில் உட்கார்ந்திருப்பார்கள். மைக் தலைக்கு மேலோ, செட்டில் ஒரு பொருளுக்குப் பின்னாலோ மறைந்திருக்கும். நடிகர் முகத்தைத் திருப்பினால் குரல் விழும், நகர்ந்தால் வாத்தியத்தோடு உள்ள சமன் கெடும். அதனால் அந்தக் காலத்தில் யாராக இருந்தாலும் ஒரே இடத்தில் நின்று, ஒரே பக்கம் பார்த்துப் பாட வேண்டியிருந்தது. கொட்டகையில் அப்படி நின்றால் எதிரே கூட்டம் இருக்கிறது, தர்க்கம் இருக்கிறது, ஒரு சங்கதிக்கு (ஒரே வரியைப் புதிய விதமாகப் பாடுவதற்கு) கைதட்டல் விழுகிறது, அதற்குப் பதிலாக இன்னொரு சங்கதி வருகிறது. ஸ்டூடியோவில் எதுவும் இல்லை. கூட்டத்தோடு உரசிப் பிறக்கும் கலையை மௌனத்தில் பாடவைத்தால் பாட்டு மட்டும் மிஞ்சும், நாடகம் போய்விடும். (1942இல் தண்டபாணி தேசிகர் நடித்து ஜெமினி எடுத்த நந்தனாரையும் இதையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். இரண்டும் வேறு வேறு படங்கள்.) பெண் ஆண் வேடம் போட்டதைச் சிலர் இன்று விநோதமாகப் பார்க்கிறார்கள். மேடையில் அது வழக்கம். 1941இல் சாவித்திரி படத்தில் எம்.எஸ். சுப்புலட்சுமி நாரதராக வந்தார்.

1940இல் மணிமேகலை. துறவுக்குப் போகும் கதாநாயகி, ஆகவே அவருடைய உறுதிக்குப் பங்கமில்லை. பிறகு பதின்மூன்று வருடம் படமே இல்லை. இப்படிப்பட்ட இடைவெளிக்குப் பின் ஒருவரை முதன்மை வேடத்தில் போட்டு, பல வருடம் செலவழித்துப் பிரம்மாண்டமாகப் படமெடுக்க ஒரு துணிச்சல் வேண்டும். ஜெமினி அதிபர் எஸ்.எஸ். வாசனுக்கு அது இருந்தது. கொத்தமங்கலம் சுப்பு இயக்கிய ஔவையார் 1953இல் வெளிவந்தது. இளமையை வேண்டாமென்று பிள்ளையாரிடம் கேட்டு முதுமையை வாங்கிக்கொள்ளும் பெண்ணின் கதை. இளம் ஔவையாகக் குசலகுமாரி வந்து சில காட்சிகளில் மறைய, அதன்பின் படம் முழுக்கச் சுந்தராம்பாள். கோட்டைக்குள் யானைகள் புகும் காட்சியைத்தான் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. இந்தப் படத்தில்தான் அவர் கைக்கு ஒரு கோல் வந்தது. மேடைக்காரரின் பெரிய பிரச்சினை கேமரா முன் கையை என்ன செய்வது என்பது. பெரிய கை வீச்சு நெருக்கக் காட்சியில் விகாரமாகத் தெரியும். சும்மா தொங்கவிட்டால் சவம்போல இருக்கும். கோலூன்றிய ஔவைக்கு அந்தத் தொல்லை இல்லை. நடை மெதுவாக இருக்கலாம், நிற்கலாம், வாய் நிறையப் பாடலாம், யாருக்கும் புத்தி சொல்லலாம், அரசனையே அதட்டலாம். வெள்ளைப் புடவையும் திருநீறும் அவர் தினமும் அணிவதுதான். வேடமும் ஆளும் ஒன்றாகிவிட்டதால், அதற்கப்புறம் தமிழர் மனதில் ஔவைக்கு வேறு முகம் இல்லாமல் போனது.

1950களுக்குள் தொழில்நுட்பமும் மாறியிருந்தது. பாட்டை முன்கூட்டியே ஒலிப்பதிவு செய்து, படப்பிடிப்பில் அதை ஒலிக்கவிட்டு வாயசைப்பார்கள். கேட்க எளிதாகத் தோன்றும். தாளக்கட்டுள்ள பாட்டுக்கு எளிதுதான். தாளமில்லாத விருத்தத்துக்குப் படு சிரமம்: எந்தச் சொல்லில் எவ்வளவு நேரம் நின்றோம், எந்த இடத்தில் மூச்சு எடுத்தோம், எந்தச் சங்கதி போட்டோம் என்பதை அப்படியே திருப்பிச் செய்ய வேண்டும். மேடையில் ஒவ்வொரு இரவும் வேறு விதமாகப் பாடிப் பழகியவருக்கு இது இன்னும் கஷ்டம். அவருடைய பிற்காலப் படங்களில் கழுத்து நரம்பையும் விலாவையும் கவனியுங்கள். வாயை மட்டும் அசைக்காமல் அந்த இடத்திலும் உண்மையாகவே பாடுகிறார் என்றே எனக்குத் தோன்றுகிறது. இல்லாவிட்டால் உடம்பு அப்படி இறுகாது.

1964இல் பூம்புகார். மு. கருணாநிதி கதை வசனம், ப. நீலகண்டன் இயக்கம், எஸ்.எஸ். ராஜேந்திரன் கோவலன், விஜயகுமாரி கண்ணகி. கோவலனையும் கண்ணகியையும் மதுரைக்கு அழைத்துப்போகும் சமணத் துறவி கவுந்தியடிகள் வேடம் சுந்தராம்பாளுக்கு. காங்கிரஸ்காரர், முருக பக்தர்; திராவிட இயக்கத்தாரின் படத்தில் சமணத் துறவியாக வந்தார். அன்றைய அரசியல் சூழலில் இரு தரப்பும் காட்டிய பெருந்தன்மை என்றும் சொல்லலாம், அந்தக் குரல் இல்லாமல் அந்த வேடம் நிற்காது என்ற கணக்கு என்றும் சொல்லலாம். இரண்டும் சரி.

அடுத்த வருடம் திருவிளையாடல். இவரை எப்படிப் பயன்படுத்த வேண்டும் என்று முழுசாகத் தெரிந்திருந்த ஒரே இயக்குநர் ஏ.பி. நாகராஜன் என்று நான் சொல்வேன். காரணம், அவரும் டி.கே.எஸ். சகோதரர்களின் நாடகக் குழுவில் பெண் வேடம் கட்டி வளர்ந்தவர். மாம்பழத்துக்குக் கோபித்துக்கொண்டு பழனிமலை ஏறி நிற்கும் முருகனைச் சமாதானப்படுத்த ஔவை வருகிறார். பழனிப் பாட்டில் முதலில் விருத்தம், பிறகு தாளத்தோடு பாட்டு என்ற அமைப்பு அப்படியே மேடையுடையது. ஞானப்பழம் என்ற கருவே சங்கரதாஸ் சுவாமிகளின் மேடைப்பாட்டில் அவர் காலம்காலமாகப் பாடிவந்தது. கேமரா பெரும்பாலும் அசையாது, வெட்டுகள் குறைவு, பாடும் முகத்தை விட்டு ஓடுவதில்லை. கே.வி. மகாதேவன் வாத்தியங்களை அடக்கி வாசிக்க வைத்திருக்கிறார். குரலுக்கு அடியில் சுருதி மட்டும் நிற்கும், குரல் மூச்சு விடும் இடத்தில் வாத்தியம் ஒரு சின்னப் பதில் சொல்லும். மேடையில் ஹார்மோனியக்காரர் செய்யும் வேலை இதுவே. கண்ணதாசனின் ‘ஒன்றானவன்’ பாட்டில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் ஏற ஏற எடுப்பும் ஏறுவதைக் கேளுங்கள். எண்ணை வைத்தே ஒரு நாடகம் கட்டிவிடுகிறார்.

கந்தன் கருணை (1967) படத்தில் அரியது எது, கொடியது எது, பெரியது எது என்று முருகன் கேட்க ஔவை பதில் பாடும் காட்சி, வள்ளி திருமணத் தர்க்கத்தின் நேர் வாரிசு. பழைய தனிப்பாடல் வரிகளை அடித்தளமாக வைத்த பாட்டு. எதிரே ஒருவர் கேட்க, இவர் பதில் சொல்ல என்று அமைத்துவிட்டால் சுந்தராம்பாள் விழித்துக்கொள்கிறார். தனியாக நின்று துதி பாடும் காட்சிகளைவிட இதில் நடிப்பு பல மடங்கு உயிரோடு இருக்கும். மகாகவி காளிதாஸ் (1966), உயிர் மேல் ஆசை (1967) பற்றித் தனியாகச் சொல்ல அதிகமில்லை. 1969இல் வந்த துணைவன் படத்தில் குன்னக்குடி வைத்தியநாதன் இசையில் பாடியதற்குச் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது கிடைத்தது. முந்தைய ஆண்டுக்கான அதே விருதை வாங்கியவர் பி. சுசீலா. அறுபது வயதைத் தாண்டிய ஒருவர், அதுவும் மைக் இல்லாக் காலத்தில் தொண்டையை அடித்துப் பாடியவர், இந்த விருதை வாங்கினார் என்பது அவருடைய குரல் பழக்கம் எவ்வளவு சுத்தமானது என்பதற்கு அத்தாட்சி. 1970இல் பத்மஸ்ரீ. அதற்கு முன்பே 1966இல் தமிழ் இசைச் சங்கத்தின் இசைப் பேரறிஞர் பட்டம். 1973இல் காரைக்கால் அம்மையார்: இளமையில் லட்சுமி, பேயுருவான பிறகு சுந்தராம்பாள். அதில் சிவதாண்டவத்துக்கு அவர் பாடும் பாட்டின் வேகம் அந்த வயதுக்கு நம்ப முடியாதது. 1980இல் காலமானார்.

நடிகையா பாடகியா என்பதற்கு என் பதில்: சினிமா நடிகை என்ற அளவில் அவருக்கு எல்லை உண்டு. பாட்டு இல்லாத வசனக் காட்சிகளில், எதிரே பேசுபவரின் சொல்லுக்கு முகத்தில் எதிர்வினை காட்டும் கலை அவரிடம் குறைவு. நெருக்கக் காட்சியில் அந்த அழுத்தமான உச்சரிப்பு மிகையாகத் தெரியும். இதை ஒப்புக்கொள்வதில் அவருக்கு ஒரு குறைவும் இல்லை. ஆனால் சொல்லின் பொருளைக் குரலாலேயே நடித்துக் காட்டுவதில் அவருக்கு இணையாகத் தமிழ்த் திரையில் இன்னொருவரை என்னால் சொல்ல முடியவில்லை. கச்சேரிப் பாடகிகளிடமிருந்து அவரைப் பிரிப்பதும் இதுவே: ராகத்தின் வடிவத்தைக் காட்ட அவர் சொல்லை நீட்டுவதில்லை, சொல்லின் கோபத்துக்கும் கெஞ்சலுக்கும் ராகத்தை வளைக்கிறார்.

புதிதாகக் கேட்கத் தொடங்குபவர் திருவிளையாடலில் ஆரம்பிக்கலாம். 2012இல் டிஜிட்டலாகப் புதுப்பித்து வெளியிட்டார்கள். அந்தப் பிரதி கிடைத்தால் படமும் ஒலியும் துல்லியம். அதன்பின் கந்தன் கருணையின் கேள்வி பதில், பிறகு ஔவையார் முழுப்படம், கடைசியாகப் பழைய இசைத்தட்டுகள். நேராக இசைத்தட்டில் ஆரம்பித்தால் கரகர சத்தமும் மெலிந்த ஒலியும் சேர்ந்து ஓடவைத்துவிடும். பழைய தட்டுப் பதிவுகளை இணையத்தில் கேட்டுவிட்டு “இதோ ஆறு கட்டை” என்று சுருதிப்பெட்டியோடு கிளம்புபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நிமிடத்துக்கு 78 சுற்று ஓட வேண்டிய தட்டு ஆறு சதவீதம் வேகமாக, அதாவது 83 சுற்றை ஒட்டி ஓடினால் சுருதி அரைக் கட்டை ஏறிவிடும், குரலும் மெலிந்து சிறுமிக் குரல்போல ஆகிவிடும். படங்களிலும் இதே சிக்கல் உண்டு: நொடிக்கு 24 சட்டத்தில் (ஃபிரேமில்) எடுத்த படத்தைத் தொலைக்காட்சிக்காக 25 சட்டத்தில் ஓட்டினால் நாலு சதவீதம் ஏறும், அதாவது அரைக் கட்டைக்குச் சற்றுக் குறைவு. ஒரே பாட்டுக்கு இரண்டு மூன்று பிரதிகளை ஒப்பிட்டு, நீளம் வேறுபடுகிறதா என்று பார்த்த பிறகே கட்டையைப் பற்றி வாதம் செய்ய வேண்டும்.